கச்சேரியை ஊருக்கு வெளியே அனுப்பும் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடியில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் இனிமேல் பெரிய பாட்டுக் கச்சேரிகளுக்கு அனுமதி தரக் கூடாது, அவற்றைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நிரந்தரமாக மாற்றிவிட வேண்டும் என்பதுதான் மனு. இருபத்து நான்கு வீட்டில் இருபத்து மூன்று கையெழுத்து விழுந்துவிட்டது. என் பெயருக்கு நேரே மட்டும் காலி. செயலாளர் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "நீங்க பஸ்காரர் சார், உங்களுக்குச் சத்தம் பழகிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனாலும் சுருக்கென்றது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பஸ்காரன் என்பது உண்மை. பல்லவன் போக்குவரத்துக் கழகமாக இருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றேன். பாதி வருடங்கள் அண்ணா சாலையிலேயே ஓடின. 18ஏ வண்டியில் நந்தனம் ஸ்டாப்பில் நான் ஊதிய விசிலுக்குக் கணக்கில்லை. இப்போது குடியிருப்பதும் அதே சாலைக்கு மேற்கே, சி.ஐ.டி. நகரில். திடலில் ஜெனரேட்டர் போட்டால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மனுவில் சொல்லியிருக்கும் குறை பொய்யில்லை. கச்சேரி நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கே "செக்... செக்... ஒன் டூ" ஆரம்பித்துவிடும். சாயந்திரம் நிகழ்ச்சி தொடங்கியதும் வீட்டுக்குள் பாட்டு வராது. அடி மட்டும் வரும். யார் பாடுகிறார், என்ன பாட்டு, ஒன்றும் பிடிபடாது. தும், தும், தும் என்று நெஞ்சில் யாரோ உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி இருக்கும். சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். என் மனைவி நடுவில் ஒரு துணியைச் சொருகி வைப்பாள். அப்புறம் ஜன்னல் கண்ணாடி ஆரம்பிக்கும். அதற்கு மடித்த அட்டை.

என் அம்மாவுக்கு வயது எண்பத்தாறு. பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு எட்டரைக்குப் படுப்பவர். ஒருநாள் பத்தேகால் மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "யார் வூட்டு கல்யாணம்டா? இன்னுமா மைக்செட்டை நிறுத்தல?" என்று கேட்டார். நந்தனத்தில் கச்சேரி என்றேன். "அங்கேர்ந்தா இங்க கேக்குது?" என்று நம்பாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை. விடியும்வரை புரண்டது எனக்குத் தெரியும்.

ஏன் அடி மட்டும் வருகிறது என்று என் அக்கா மகனைக் கேட்டேன். அவன் மைக்செட் வேலையில் இருக்கிறான். கல்யாண மண்டபத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன், இன்று பெரிய மேடைகளுக்குப் போகிறான். தாழ்ந்த சுரம் வெகுதூரம் போகும், சுவரையும் தாண்டும், மேல் சுரம் காற்றிலேயே கரைந்துவிடும் என்றான். நான் அதை என் பாஷைக்கு மாற்றிக்கொண்டேன்: கீச்சுச் சத்தம் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடும், பேஸ் என்கிற அடிச் சத்தம்தான் டெர்மினஸ் வரைக்கும் டிக்கெட் எடுத்த ஆசாமி. "அப்போ அதைக் குறைக்க வழியே கிடையாதாடா?" என்றேன். "இருக்கு மாமா. மேடையை எந்தப் பக்கம் திருப்பறோம், சப்-ஊஃபரை, அதான் அந்த அடிச் சத்தப் பெட்டியை, எப்படி அடுக்கறோம், எத்தனை மணிக்கு நிறுத்தறோம், இதுல முக்கால்வாசி அடங்கிடும். ஆனா அதைக் கேட்டு யாரும் எங்களுக்குக் காசு தர்றதில்ல" என்றான். இந்தக் கடைசி வாக்கியத்தை ஆசிரியர் தயவுசெய்து வெட்டாமல் போட வேண்டும்.

ஆக, எங்கள் ஆட்களின் கோபம் நியாயமானது. மருந்துதான் தப்பு என்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மருந்தை ஒரு ராத்திரி நான் குடித்துப் பார்த்திருக்கிறேன்.

நிகழ்ச்சியின் பெயரையோ நடத்தியவர்கள் பெயரையோ சொல்லப் போவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கு இந்தப் பக்கம், காலி மனையில் போட்ட மேடை. என் மகள் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள். அவளுடைய தோழி கடைசி நேரத்தில் வரவில்லை. "அப்பா, நீ வா" என்றாள். டிக்கெட் விலையைக் கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த மாதச் சம்பளத்தைவிட அதிகம். அவளிடம் சொல்லவில்லை, கிளம்பிவிட்டேன்.

சைதாப்பேட்டையிலிருந்து திருவான்மியூர், அங்கிருந்து மாமல்லபுரம் போகிற வண்டி. அக்கரை என்ற ஊரைத் தாண்டியதும் வண்டி நின்றது. நின்றது என்றால் அரைமணி நேரத்துக்கு ஒரு வண்டி நீளம் நகர்கிற மாதிரி. கண்டக்டர் தம்பி என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அண்ணே, நடந்தாத்தான் போய்ச் சேருவீங்க" என்றான். இறங்கி நடந்தோம். மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. ஓரத்தில் நடைபாதை கிடையாது. கார் விளக்கு கண்ணில் அடிக்க, மணலிலும் ஜல்லியிலும் கால் வைத்து நடந்தோம். எதிரே ஓர் ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு வந்து, வழியில்லாமல் தவித்து நின்றது. அதன் டிரைவர் கதவைத் திறந்து இறங்கி முன்னால் எட்டிப் பார்த்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. உள்ளே யார் இருந்தார்களோ.

கச்சேரி நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். என் மகள் கத்திப் பாடினாள். ஒன்றிரண்டு பாட்டில் நானும் வாயசைத்தேன். தொழில் புத்தி போகாதே, நடுவில் எண்ண ஆரம்பித்துவிட்டேன். உள்ளே வருவதற்குச் சீட்டு வகைக்கு ஒரு வாசல் வைத்திருந்தார்கள். வெளியே போக எத்தனை என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுதான் தெரிந்தது.

பத்தரை மணிக்கு முடிந்தது. அந்த ஒரு வாசலில் அத்தனை பேரும். பெண்பிள்ளைகள் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். என் மகளும்தான். எதற்காக அப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்தபோது அவள் ஒரு கால் செருப்பு இல்லாமல் வந்தாள். பஸ் கிடையாது. செல்போனில் கார் கூப்பிட்டால் சைதாப்பேட்டைக்கு இரண்டாயிரத்துக்குக் கிட்டக் காட்டியது, அதையும் எந்த டிரைவரும் எடுக்கவில்லை. சாலை நடுவில் இருக்கும் தடுப்புக் கட்டையில் வரிசையாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்கள் மாதிரி.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண், இருபது வயதிருக்கும், போனில் அம்மாவிடம், "வந்துட்டே இருக்கேன்மா, வண்டி கிடைச்சிருச்சு" என்று பொய் சொல்லிக்கொண்டே அழுதாள். வில்லிவாக்கம் போக வேண்டுமாம். கூட வந்தவர்கள் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள், போனில் இரண்டு கோடு சார்ஜ். "நான் கண்டக்டர்மா, பயப்படாத, எங்க கூடவே இரு" என்றேன். ஓய்வு பெற்ற கண்டக்டருக்கு நடுரோட்டில் என்ன அதிகாரம் இருக்கிறது? ஆனால் அந்த வார்த்தைக்கு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒன்றேகால் மணிக்கு ஒரு குட்டியானை வந்தது, மீன் பெட்டி இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி. கைகாட்டி நிறுத்தினேன். ஐஸ் தண்ணீர் தேங்கிய பலகையில் நின்றபடி பதினோரு பேர் வந்தோம். எண்ணினேன், பதினொன்று. திருவான்மியூரில் ஆட்டோ பிடித்து, அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து அழைத்துப் போகும்வரை எங்கள் வீட்டில் உட்கார வைத்திருந்தோம். மணி மூன்று. என் அம்மா எழுந்து வந்து, "கல்யாணம் முடிஞ்சுதா?" என்றார்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2023 செப்டம்பர் 10ஆம் தேதி பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் எத்தனையோ பேர் திரும்பினார்கள், சாலை முழுக்க அடைத்துக்கொண்டது. அப்புறம் 2025இல் அனிருத் கச்சேரி. முதலில் திருவிடந்தை என்றார்கள். (எங்கள் வீட்டில் திருவிடந்தை என்றால் கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகளுக்கு மாலை சாத்தப் போகிற ஊர்.) டிக்கெட் கேட்டவர்கள் ஏராளம் என்று அதைத் தள்ளிவைத்து, ஆகஸ்ட் 23ஆம் தேதி கூவத்தூரில் வைத்தார்கள். கல்பாக்கத்தையும் தாண்டிப் போக வேண்டும். அங்கேயும் நடத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அனுமதித்த பிறகு நடந்தது.

கூவத்தூரிலும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை எங்கள் மனு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பனையூரில் யார் வீட்டிலும் எண்பத்தாறு வயது அம்மா இருக்க மாட்டாரா? நம் வீட்டு டம்ளர் ஆடக் கூடாது, அவர்கள் வீட்டு டம்ளர் ஆடலாம் என்று எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவது?

ஊருக்கு வெளியே என்ற பேச்சை என் சர்வீஸில் பலதடவை கேட்டுவிட்டேன். கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட்டை 1996இல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனபோது அது ஊருக்கு வெளியே. 2002இல் பாரிமுனையிலிருந்த வெளியூர் பஸ் ஸ்டாண்டும் அங்கே போனது. நாங்கள் அப்போது, "கோயம்பேடா, அங்க எவன்யா போவான்" என்று டிப்போவில் பேசிக்கொண்டோம். இருபது வருஷத்தில் அதுவே நட்டநடு ஊராகி, நெரிசல் என்று சொல்லி 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தைத் திறந்தார்கள். திறந்த அன்றைக்கு அங்கே ரயில் நிற்கக்கூட ஸ்டேஷன் இல்லை. குழந்தையும் மூட்டையுமாக ஜனங்கள் இறங்கி விழித்ததை நான் கண்ணால் பார்த்தேன். இடத்தை முதலில் தூக்குவார்கள், போகிற வழியை அப்புறம் யோசிப்பார்கள். கச்சேரிக்கும் இதுவேதான் நடக்கும். கடற்கரைச் சாலையில் இன்று காலி மனையாக இருப்பது பத்து வருஷத்தில் அடுக்குமாடியாகும். அந்த அடுக்குமாடியிலும் ஒரு செயலாளர் மனு எழுதுவார்.

மெரினாவில் பொதுக்கூட்ட மேடையாகச் சீரணி அரங்கம் இருந்ததே, இன்றைய பிள்ளைகளுக்குப் பெயராவது தெரியுமா? 2003இல் இடித்தார்கள். அதோடு சரி.

இப்போது நந்தனத்தைப் பார்ப்போம். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்வியியல் கல்லூரியின் வளாகம். பிள்ளைகள் ஓடவும் குதிக்கவும் உள்ள மண். வருஷா வருஷம் புத்தகக் காட்சியும் அங்கேதான். புத்தகக் காட்சியும் ஊர் ஊராகச் சுற்றியதுதான். காயிதே மில்லத் கல்லூரித் திடலில் இருந்தது, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் போனது, ஒரு வருஷம் தீவுத்திடலுக்குப் போனது, பிறகு நந்தனத்தில் நிலைத்தது. அது நிலைத்ததற்கு என் கணக்கில் முதல் காரணம் போக்குவரத்து. கைநிறையப் புத்தகத்தோடு அண்ணா சாலைக்கு வந்தால் வடக்கே பாரிமுனை, தெற்கே தாம்பரம், எந்த வண்டியும் கிடைக்கும். மெட்ரோ நந்தனத்தில் நிற்கிறது. இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் அதே நந்தனத்தில் வந்து சேரப் போகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து இரண்டு ரயில் சேருகிற இடத்தை உண்டாக்கிவிட்டு, கூட்டத்தை மட்டும் ரயிலே இல்லாத இடத்துக்கு அனுப்புவது என்ன புத்தி?

கணக்காகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. இருபதாயிரம் பேர் கச்சேரிக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டியில் உட்கார்ந்தும் நின்றும் எழுபது பேர் என்றால் கிட்டத்தட்ட 285 வண்டி வேண்டும். ராத்திரி பத்தரைக்கு, ஒரே சாலையில், ஒரே திசையில். டிப்போ மொத்தத்தையும் திரட்டினாலும் கஷ்டம். நான்கு பெட்டி மெட்ரோவில் ஒரு தடவைக்கு ஆயிரம் பேருக்கு மேல் ஏறுவார்கள். இருபது ரயில், இரண்டு திசை. நெருக்கி விட்டால் ஒரு மணி நேரத்தில் திடல் காலி. பைக்கில் வந்தவர்கள், நடந்து போகிறவர்களைக் கழித்தால் அதுகூட ஆகாது.

செய்ய முடியாதது ஒன்றுமில்லை. சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் நடக்கும்போது, ஆட்டத்துக்கான டிக்கெட்டைக் காட்டினாலே மெட்ரோவில் காசில்லாமல் போய்வர ஏற்பாடு செய்தார்கள். கடைசி ரயிலையும் நள்ளிரவு தாண்டி ஓட்டினார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் கத்துகிற கத்தல் திருவல்லிக்கேணியில் கேட்காமலா இருக்கிறது? சேப்பாக்கம் மைதானத்தைக் கேளம்பாக்கத்துக்குக் கொண்டுபோ என்று யாரும் சொல்வதில்லை. கிரிக்கெட் என்றால் ஊரின் பெருமை, பாட்டு என்றால் தொல்லையா?

காணும் பொங்கலுக்கு மெரினாவில் டூட்டி பார்த்தவன் நான். அன்றைக்கு வருகிற கூட்டத்துக்கு முன்னால் எந்தக் கச்சேரியும் நிற்காது. ஸ்பெஷல் வண்டிகள், வண்டிகளை வரிசைப்படுத்த ஆள், பிள்ளைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதின பட்டை கட்டிவிடும் போலீஸ். கிறுகிறுத்துப் போனாலும் இழுத்துவிடுவோம். ஏனென்றால் கூட்டம் வரும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தயாராகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே மெரினாதான் சாட்சி. 2024 அக்டோபர் 6ஆம் தேதி விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. வெயில், தண்ணீர் இல்லை, கலைந்து போக வழியில்லை. நடு ஊரிலேயே இந்தக் கதி என்றால், இருட்டில், கடற்கரைச் சாலையில், ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்தில் யோசித்துப் பாருங்கள்.

சரி, சத்தத்துக்கு என்ன செய்வது? சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டே வந்தவை. திறந்தவெளியில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம், அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் உண்டு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு மீட்டருக்கு இன்னும் குறைவு. திறந்தவெளிக் கச்சேரி 55க்குள் அடங்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் பத்து மணி என்றால் பத்து மணி. பத்தேகால் கிடையாது. "இன்னும் ஒரே ஒரு பாட்டு" கிடையாது. கடைசி சிங்கிள், அதாவது கடைசி ஒருவழி நடை, 10.40க்கு என்றால் அமைச்சர் கைகாட்டினாலும் 10.40க்கு எடுத்தவன் நான், அதனால் சொல்கிறேன். கச்சேரியை ஆறரைக்கு ஆரம்பித்தால் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குமேல் என்ன பாடப் போகிறார்கள்? ஏழரைக்கு வர வேண்டிய நட்சத்திரம் எட்டே முக்காலுக்கு வந்தால் அதற்கு என் அம்மா ஏன் விழித்திருக்க வேண்டும்?

மேடையைக் குடியிருப்புக்கு முதுகைக் காட்டித் திருப்ப வேண்டும். பக்கத்து வீதிகளில் அளவுக் கருவியோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் போன் செய்தால் மேடையில் குறைக்க வேண்டும், குறைக்காவிட்டால் கட்டிவைத்த டெபாசிட்டில் பிடிக்க வேண்டும். அக்கா மகன் சொன்ன சப்-ஊஃபர் அடுக்கும் வேலைக்கு அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தால், அவனுக்கும் அதற்குக் காசு கிடைக்கும். வருஷத்துக்கு இத்தனை கச்சேரிதான் என்று ஓர் எண்ணிக்கை, எந்தெந்தத் தேதி என்று ஒரு மாதம் முன்பே எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். பரீட்சை மாதத்தில் வேண்டாம். அம்மாவை அன்றைக்கு ஆவடியில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வருவேன், ஒரு பிரச்சினையும் இல்லை. வெளியே போகிற வாசல் எத்தனை என்று பார்க்காமல் யாரும் அனுமதித் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு மேம்பால வேலை தொடங்கியதிலிருந்து அண்ணா சாலை படுகிற பாடு வேறு இருக்கிறது, அதனால் கார் நிறுத்தும் இடமே தராமல் ரயிலில் வா என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

இன்னொன்று. ஆடி மாதம் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது விடிகாலை ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கர் அலறும். மூன்று நாள். எங்கள் அடுக்குமாடியிலிருந்து ஒருவரும் மனு போட்டதில்லை, நான் உள்பட. வரிசையில் நின்று கூழ் வாங்கிக் குடிக்கிறோம். நம் சத்தம் என்றால் காது தாங்கிக்கொள்கிறது. அடுத்தவர் சத்தம்தான் வலிக்கிறது.

திடலுக்கு வருகிறவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி 5ஆம் தேதி எட் ஷீரன் என்ற ஆங்கிலப் பாடகர் நந்தனத்துக்கு வந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ரஹ்மானும் மேடையேறினார் என்று மகள் சொன்னாள். முடிந்த நேரத்தில் நான் நந்தனம் சிக்னல் பக்கம் டீ குடிக்கப் போயிருந்தேன். கூட்டம் கலைவதை வேடிக்கை பார்த்தேன் என்பதுதான் உண்மை, டீ ஒரு சாக்கு. காரில் போகிறவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மெட்ரோ படிக்கட்டை நோக்கி ஓடுகிற பிள்ளைகள், கையைக் கோத்துக்கொண்டு பாடிக்கொண்டே. அதில் ஒருத்தி சைகை காட்டி, "அங்கிள், வண்ணாரப்பேட்டை ட்ரெயின் இருக்கா?" என்று என்னைக் கேட்டாள். என்னிடம் காக்கிச் சட்டை இல்லை, பை இல்லை, எப்படிக் கண்டுபிடித்தாளோ. இருக்கும்மா, ஓடு என்றேன். ஓடினாள்.

கச்சேரி கூவத்தூருக்குப் போனால் வண்ணாரப்பேட்டைப் பெண் போக மாட்டாள். அவள் வீட்டில் விட மாட்டார்கள். கார் இருப்பவனும், அங்கேயே ரூம் போட்டுத் தங்கக் காசு இருப்பவனும்தான் போவான். முட்டுக்காட்டில் அரசு எழுப்பும் பன்னாட்டு அரங்கத்துக்கும் இதே கேள்விதான்: ராத்திரி பதினோரு மணிக்கு அங்கிருந்து வியாசர்பாடிக்கு எந்த வண்டி? பதில் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பொங்கலுக்குச் சென்னை சங்கமம் நடத்தும்போது பறையையும் ஒயிலாட்டத்தையும் நடு ஊரிலேயே, பூங்காவிலும் திடலிலும் வைக்கிறார்கள். ஜனங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அது இருக்கலாம், இது கூடாது என்று பிரிப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

நேற்று மனுவைக் கேட்டு வாங்கினேன். முன்பக்கம் என் இடத்தைக் காலியாகவே விட்டு, பின்பக்கம் பேனாவால் எழுதினேன்: பத்து மணி, மேடையின் முதுகு, அளவுக் கருவி, வருஷத்துக்கு எத்தனை, வெளிவாசல் எத்தனை, கடைசி ரயில் எத்தனை மணிக்கு. அதன்கீழ் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கையெழுத்தா, டிரிப் ஷீட்டா சார்?" என்றார். இரண்டாம் மாடி டீச்சரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, நானும் பின்பக்கம் போடலாமா என்று கேட்டிருக்கிறார். முன்பக்கம் ஏற்கெனவே போட்டவர் பின்பக்கமும் போடலாமா என்பது சங்க விதியில் இல்லையாம். அதைப் பேச ஞாயிறு சாயந்திரம் மொட்டை மாடியில் கூட்டம். வாழைக்காய் பஜ்ஜி உண்டு என்று போட்டிருக்கிறார்கள், அதனால் ஆள் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகரப் பேருந்து நடத்துநர்,
சி.ஐ.டி. நகர், சென்னை – 35